எல்லையையும் காத்தார், வாக்கையும் காத்தார்



இந்த மாதம் ஒரு போதகருடைய மகனின் வாழ்க்கையை எழுதவேண்டும் என்று பாரப்பட்டேன். அவர் மேடை ஏறிப் பிரசங்கித்து பேர் வாங்கினவர் அல்ல. ஃபுட்பால் ஆடினவர். அதற்குப் பிறகு டாக்டராக இருந்தவர். சபைப் பத்திரிகையில் ஃபுட்பாலுக்கு என்ன வேலை என்று நம்ம மூப்பர்களில் ஒருவர் இருவர் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்கட்டும். ஏன் எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது எனக்கே வெட்கமான சங்கதி.

ஆறு வருஷத்துக்கு முன்னே ஒரு தாயார், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அழுதுகொண்டே என்னிடம் வந்தார்கள். தறி ஓட்டிப் பிழைக்கிற குடும்பம். வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூத்த பையன் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட டீமில் பேக் ஆடுவான். எதிராளி பந்தோடு வரும்போது குறுக்கே நின்று தடுக்கிற இடம் அது. அவங்க அப்பா சாகும்போது, இவன் நல்லாப் படிச்சு ஒரு வேலைக்குப் போகோணும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். இவனோ சாயங்காலமானால் மைதானத்துக்குப் போய்விடுகிறான், நீங்கதான் புத்தி சொல்லோணும் பாஸ்டர் என்று அந்த அம்மா கேட்டார்கள்.

நான் அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை. என்ன மார்க் வாங்குகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. பலிபீடமும் மைதானமும் ஒன்றாகப் போகாது, இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள் என்று கண்டிப்பாகச் சொல்லிப்புட்டேன். அடுத்த வாரம் அவன் பூட்ஸைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். லீவு நாளில் தறிப்பட்டறையில் வேலை பார்த்து வாங்கின பூட்ஸ். நான் ஸ்தோத்திரம் சொல்லி வாங்கி வைத்தேன். வெற்றி கிடைத்தது என்று சபையில் சாட்சியும் சொன்னேன். மூன்று மாசத்தில் அவன் ஆராதனைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். படிப்பும் பிளஸ் டூவோடு நின்றுபோச்சு. ஆட்டமும் போச்சு, படிப்பும் போச்சு, சபையும் போச்சு. பூட்ஸ் மட்டும் என் வீட்டு பீரோவில் இருந்தது.

பீரோவைத் திறக்கிறபோதெல்லாம் மனசு உறுத்தும். விசுவாசத்தையும் விளையாட்டையும் சேர்த்து நடத்தினவர்கள் யாராவது உண்டா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் அகப்பட்டவர் அமெரிக்காவில் ரெஜ்ஜி ஒயிட். அந்த நாட்டு ஃபுட்பால் வேறே மாதிரி. பந்தைக் கையில் எடுத்து எறிவார்கள், அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். அதைத் தடுக்கிற அணியில் முன்னால் ஒரு வரிசை குனிந்து நிற்கும். ஒவ்வொருவரும் பாறை மாதிரி இருப்பார்கள். ஒயிட் அந்த வரிசையில் நின்றவர். 17 வயதிலேயே பிரசங்க ஊழியத்துக்குப் பிரதிஷ்டை பண்ணப்பட்டவர். பந்தை எறிய நிற்கிறவனை, எறிவதற்கு முன்னே பிடித்துச் சாய்த்தது 198 தடவை. 2000-ல் அவர் ஆட்டத்தை விட்டபோது அந்த லீக்கில் அதுவே சாதனை. ஆங்கிலத்தில் மினிஸ்டர் என்றால் மந்திரி என்றும் அர்த்தம், போதகர் என்றும் அர்த்தம். அதனால் அவரை மினிஸ்டர் ஆஃப் டிஃபென்ஸ் என்று ஜனங்கள் கூப்பிட்டார்கள். 2004 டிசம்பரில் 43 வயதில் மரித்துப்போனார்.

ஆனாலும் அமெரிக்கா நமக்குத் தூரம். நம்ம தேசத்திலேயே, நம்ம பையன் மாதிரி தகப்பனை இழந்து, நம்ம பையன் மாதிரி பின்னால் நின்று தடுத்து ஆடின ஒருவர் இருந்தால் நல்லா இருக்குமே என்று ஜெபித்துத் தேடினேன். கர்த்தர் காட்டினார். அவர்தான் டாக்டர் தலிமேரென் ஆவ். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஃபுட்பால் அணிக்குத் தலைவர்.

மலையில் ஒரு போதகர் வீடு

1918 ஜனவரி 28 அன்று நாகா மலையில் சாங்கி என்கிற கிராமத்தில் அவர் பிறந்தார். இன்றைக்கு அது நாகாலாந்து மாநிலம், மோகோக்சுங் ஜில்லா. அன்றைக்கு அந்த மலை அஸ்ஸாமோடு சேர்ந்திருந்தது. ஆவ் என்பது அவர் பிறந்த ஜனத்தின் பெயர். தகப்பனார் சுபோங்வாதி பாப்டிஸ்ட் போதகர். பன்னிரண்டு பிள்ளைகள். இவர் நாலாவது.

அந்த மலைக்குச் சுவிசேஷம் போனது அப்போதைக்கு ரொம்பப் பழைய சங்கதி இல்லை. 1870-களின் தொடக்கத்தில் கோதுலா என்கிற அஸ்ஸாமிய சகோதரர் முதலில் மலையேறிப் போனார். அவருக்குப் பின்னே 1872-ல் அமெரிக்க மிஷனரி கிளார்க் ஐயா போனார். 1894-ல் இம்பூர் என்கிற இடத்தில் மிஷன் காம்பவுண்டு போட்டார்கள். நம்ம ஈரோட்டில் பிரப் ஐயா பேரில் ரோடும் ஆலயமும் இருக்கிறதே, அந்த மாதிரி ஒரு மிஷன் வேலை. சபை, பள்ளிக்கூடம், வைத்தியம் எல்லாம் அங்கேதான். போதகர் குடும்பம் அந்த இம்பூருக்குக் குடிவந்தது.

பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள போதகர் வீட்டில் காசு எங்கே இருக்கும்? கடையில் விற்கிற பந்து இல்லை. கந்தைத் துணியைச் சுருட்டிக் கட்டி மிஷன் காம்பவுண்டு மண்ணில் உதைத்து விளையாடினார்கள். இந்தியாவின் கேப்டன் ஃபுட்பால் கற்றுக்கொண்டது அந்தத் துணிப்பந்தில்தான். காலில் செருப்பும் கிடையாது. பிற்பாடு உலகமே ஆச்சரியப்பட்ட அந்த வெறுங்கால் ஆட்டம் இப்படித்தான் ஆரம்பித்தது.

இம்பூரில் படித்து, பிறகு சமவெளிக்கு இறங்கி ஜோர்ஹாட் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார். அங்கே ஓட்டம், தாண்டுதல், பந்து எல்லாவற்றிலும் பேர் வாங்கினார்.

தகப்பனின் ஆசை

1935-ல் போதகர் சுபோங்வாதி டைபாய்டு ஜுரத்தில் மரித்துப்போனார். மகனுக்கு அப்போது 17 வயது. தகப்பன் விட்டுப்போன ஆசை ஒன்று உண்டு. இந்த மகன் டாக்டர் ஆகவேண்டும், ஆகி நம்ம ஜனத்துக்கே வேலை செய்யவேண்டும். டைபாய்டு மாதிரி வியாதிக்கு அன்றைக்கு அந்த மலையில் சரியான வைத்தியம் ஏது? போதகர் எத்தனை வீடுகளில் மரணப்படுக்கையண்டை நின்று ஜெபித்திருப்பார். கடைசியில் தானும் அதே மாதிரி ஜுரத்தில் போனார்.

தேவனுடைய பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நம்ம சபைத் தம்பியின் தகப்பனும் கடைசியில் சொல்லிப்போனது இப்படி ஒரு வார்த்தைதானே.

தலிமேரென் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டார். பந்தையும் விடவில்லை. கவுஹாத்திக்குப் போய் காட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே மகாராணா கிளப் என்கிற அணியில் ஆடினார். முதலில் முன்வரிசையில் ஆடினவர், பிறகு பின்னுக்கு வந்து தடுத்து ஆடுகிறவர் ஆனார். ஐந்தடி பத்து அங்குல உயரம். உயரமும் உடம்பும் அந்த இடத்துக்குப் பொருத்தமாய் இருந்தது.

முன்வரிசையை விட்டுப் பின்னுக்கு வருவது என்றால் என்ன என்று ஆடினவர்களுக்குத் தெரியும். முன்னால் நிற்கிறவன் கோல் போட்டால் ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடும். பின்னால் நிற்கிறவன் பத்துத் தடவை தடுத்தால் யாரும் எண்ணமாட்டார்கள். ஒரு தடவை விட்டுவிட்டால் எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள். தாவீதின் காலத்திலும் இப்படி ஒரு வழக்கு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யுத்தத்துக்குப் போனவர்களுக்கு மட்டும் பங்கு, சாமான்களண்டையில் காவல் இருந்தவர்களுக்கு இல்லை என்று சிலர் வாதாடினார்கள். தாவீது ஒத்துக்கொள்ளவில்லை. இருவருக்கும் பங்கு சமம் என்று கட்டளையே போட்டுவிட்டார்.

கல்கத்தாவில் பத்து வருஷம்

1942-ல் தகப்பன் ஆசைப்பட்ட கதவு திறந்தது. கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்தக் கல்லூரிக்கு 1948-ல் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி என்று பெயர் மாறியது. அதே ஊரில்தான் இந்தியாவிலேயே பேர்பெற்ற மோகன் பகான் கிளப்பும் இருக்கிறது. 1943-ல் அந்த அணியில் சேர்ந்தார்.

மோகன் பகானைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். 1911 ஜூலை 29 அன்று அந்த அணி வெள்ளைக்கார ராணுவ அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை ஜெயித்தது. இந்தியர் அணி ஒன்று அந்தக் கேடயத்தை வாங்கினது அதுதான் முதல் தடவை. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். பூட்ஸ் போட்டு ஆடினவர் சுதிர் சட்டர்ஜி ஒருவர்தான். அவர் கிறிஸ்தவர், பிற்பாடு குருவானவராகவும் ஆனார். மைதானத்துக்கும் பலிபீடத்துக்கும் ஆகாது என்று நான் சொன்ன பேச்சுக்கு, நான் பிறப்பதற்கு முன்னேயே பதில் இருந்திருக்கிறது பாருங்க.

ஆவ் போய்ச் சேர்ந்த காலம் சாதாரணக் காலம் இல்லை. 1942 டிசம்பரில் ஜப்பான்காரன் கல்கத்தாவில் குண்டு போட்டான். 1943-ல் வங்காளப் பஞ்சம். லட்சக்கணக்கான ஜனங்கள் பசியில் மாண்டார்கள். 1944-ல் யுத்தம் அவருடைய சொந்த மலைக்கே வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை கோகிமாவில் நடந்த சண்டையில் அந்த ஊரே இடிந்து தரைமட்டமானது. 1946 ஆகஸ்டில் கல்கத்தாத் தெருக்களில் மதக்கலவரம். 1947-ல் சுதந்திரமும் பிரிவினையும். இத்தனைக்கும் நடுவில் ஒரு மலைப்பையன், தகப்பன் இல்லாதவன், வேற்று ஊரில், வேற்றுப் பாஷைக்காரர் நடுவில், மருத்துவமும் படித்து மைதானத்திலும் நின்றான். அந்த வருஷங்களில் மோகன் பகான் 1943-லும் 1944-லும் கல்கத்தா லீக்கை ஜெயித்தது. 1947-ல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை, 1911-க்குப் பிறகு முதல் தடவையாகத் திரும்பவும் வாங்கினது. ஆவ் அந்த அணியின் தலைவராகவும் ஆனார். 1952 வரைக்கும் அந்த கிளப்புக்கே ஆடினார்.

ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆட்டத்தினால் அவர் படிப்பு நீண்டுதான் போனது. 1942-ல் சேர்ந்தவர் பட்டம் வாங்கினது 1950-ல். எட்டு வருஷம். கூடப் படித்தவர்கள் முன்னே போய்விட்டார்கள். மைதானத்தில் அத்தனை கைதட்டல் கிடைக்கிற ஒருவனுக்கு, பாதிப் புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போய்விடலாம் என்கிற சோதனை வராமலா இருந்திருக்கும்? அவர் மூடவில்லை.

லண்டன், 1948

சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. லண்டனில் ஒலிம்பிக் நடந்தது. இந்திய ஃபுட்பால் அணிக்குத் தலிமேரென் ஆவ் தலைவர். அது மட்டும் இல்லை. 1948 ஜூலை 29 அன்று வெம்ப்ளி மைதானத்தில் தொடக்க அணிவகுப்பு நடந்தபோது, இந்தியாவின் மூவர்ணக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவரும் அவரே. சுதந்திர தேசத்தின் கொடி ஒலிம்பிக்கில் போனது அதுதான் முதல் தடவை. யார் கையில் போனது? நாகா மலையில் துணிப்பந்து உதைத்த பாஸ்டர் பையன் கையில். கர்த்தர் எளியவனைப் புழுதியிலிருந்து தூக்குகிறார் என்று நாம் பாடுகிறோமே, அதை நான் இந்த இடத்தில் நினைத்தேன்.

முதலில் பர்மாவோடு ஆடவேண்டியது. பர்மா அணி வராததால் நேரே அடுத்த சுற்று. ஜூலை 31 அன்று லண்டன் பக்கத்தில் இல்ஃபோர்டு என்கிற இடத்தில் பிரான்ஸோடு ஆட்டம். நம்ம ஆட்களில் எட்டுப் பேர் வெறுங்காலோடு இறங்கினார்கள். சிலர் காலில் துணிக்கட்டு சுற்றியிருந்தார்கள். எதிரே பிரெஞ்சுக்காரர்கள் இரும்பு மாதிரி பூட்ஸ் போட்டு நின்றார்கள். வெறுங்கால் மேல் பூட்ஸ் மிதித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்க. தடுக்கிற இடத்தில் நிற்கிறவனுக்குத்தான் அந்த மிதி அதிகம்.

பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டது. இரண்டாவது பாதியில் சாரங்கபாணி ராமன் இந்தியாவுக்கு ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். பேரைக் கேட்டாலே நம்ம தென்னாட்டுக்காரர் என்று தெரிகிறது அல்லவா? சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் கோல் அதுதான். நடுவில் நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. இரண்டும் வீணாய்ப் போச்சு. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது பிரான்ஸ் இரண்டாவது கோல் போட்டது. 2-1. தோல்வி.

பிரியமானவர்களே, நம்ம சாட்சிகளில் எப்போதும் ஜெயம்தான் இருக்கும். ஜெபித்தேன், ஜெயித்தேன் என்று முடிப்போம். இந்த மனுஷன் தேசத்தின் கொடியைத் தூக்கிக்கொண்டு போய், தான் காத்து நின்ற எல்லையிலேயே கடைசி நிமிஷத்தில் கோல் விழுந்து, தோற்றுத்தான் திரும்பினார். பெனால்டியை யார் யார் தவறவிட்டார்கள் என்று இன்றைக்கும் பேர் சொல்லிப் பேசுகிறார்கள். அத்தனை நேரம் வெறுங்காலோடு தடுத்து நின்றவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. தோற்றாலும் அந்த ஆட்டத்தைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் நம்ம அணியை மெச்சிக்கொண்டார்கள். ஏன் பூட்ஸ் போடவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கு, நாங்கள் ஆடுவது காலால் ஆடுகிற ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்ஸால் ஆடுகிற பூட்பால் என்று அவர் வேடிக்கையாகப் பதில் சொன்னாராம். தோற்றுப்போன ஆட்டத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டு பேசுவதற்கும் ஒரு பெலன் வேண்டும். அதற்குப் பிறகு அந்த அணி ஹாலந்துக்குப் போய், பேர்பெற்ற அயாக்ஸ் கிளப்பை 5-1 என்று ஜெயித்தது.

லண்டனில் அர்செனல் என்கிற பெரிய கிளப் அவரை அங்கேயே தங்கி ஆடக் கூப்பிட்டதாகவும், டாக்டர் படிப்பு பாக்கி இருக்கிறது என்று சொல்லி அவர் வந்துவிட்டதாகவும் நாகாலாந்தில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு நம்ம நாட்டில் பந்து ஆடுகிறவனுக்குப் பெரிய சம்பளம் எதுவும் கிடையாது. அவர் கல்கத்தாவுக்கு வந்து, திரும்பவும் புஸ்தகத்தைத் திறந்தார் என்பது மட்டும் நிச்சயம். 1950-ல் எம்.பி.பி.எஸ். பட்டம் வாங்கினார்.

தகப்பன் மரித்தது 1935. பட்டம் வாங்கினது 1950. பதினைந்து வருஷம் கழித்து, கேட்டவர் உயிரோடு இல்லாத ஒரு வார்த்தையை நிறைவேற்றினார். எரேமியாவின் நாளில் ரேகாபியர் என்று ஒரு கூட்டத்தார் இருந்தார்கள். எப்பவோ மரித்துப்போன தகப்பன் யோனதாபின் சொல்லை விடாமல் கைக்கொண்டதற்காகக் கர்த்தரே அவர்களைத் தம்முடைய ஜனத்துக்கு முன்மாதிரியாகக் காட்டினார். எனக்கு இந்த டாக்டரும் ரேகாபியரில் ஒருவர் மாதிரியே தோன்றினார்.

திரும்பவும் மலைக்கு

டாக்டர் ஆனால் மட்டும் தகப்பனுடைய ஆசை முடியவில்லை. நம்ம ஜனத்துக்கு வேலை செய்யவேண்டும் என்பதுதானே பாக்கிப் பாதி. கல்கத்தாவில் இந்தியாவின் கேப்டன் என்கிற பேரோடு ஒரு ஆஸ்பத்திரி வைத்திருந்தால் கூட்டம் வந்திருக்கும். அவர் மலைக்குத் திரும்பினார். 1953-ல் கோகிமா அரசு ஆஸ்பத்திரியில் உதவி சிவில் சர்ஜன் வேலையில் சேர்ந்தார்.

யுத்தத்தில் இடிந்து ஒன்பதே வருஷம் ஆன ஊர் அது. அது மட்டுமா? 1950-களின் நடுவிலிருந்து அந்த மலை அமைதியாகவும் இல்லை. ஒரு பக்கம் ஆயுதம் எடுத்தவர்கள், ஒரு பக்கம் ராணுவம், நடுவில் கிராமத்து ஜனங்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு டாக்டர் இருப்பதும், பந்து ஆடும்போது கோலுக்கு முன்னால் நிற்பதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வருகிறதைத் தடுக்கவேண்டும். எந்தப் பக்கத்து ஆள் என்று பார்க்காமல் நிற்கவேண்டும். கைதட்டல் இருக்காது.

1963 டிசம்பர் 1 அன்று நாகாலாந்து தனி மாநிலம் ஆனது. டாக்டர் ஆவ் அந்த மாநிலத்தின் சுகாதாரத் துறைக்கு இயக்குநர் ஆனார். 1978-ல் ஓய்வுபெற்றார். மைதானத்தில் அவர் நின்றது ஏறக்குறைய பத்து வருஷம். தன் ஜனத்துக்கு வைத்தியத்தில் நின்றது இருபத்தைந்து வருஷம். 1998 செப்டம்பர் 13 அன்று, 80-வது வயதில் கோகிமாவில் காலமானார். அவருடைய நூற்றாண்டான 2018-ல் இந்திய அரசு அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது. அஸ்ஸாமில் கலியாபோரில் ஒரு மைதானத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நமக்கு என்ன சொல்கிறது?

வாலிபத் தம்பிமார்களே, விளையாடுங்க. கர்த்தர் கொடுத்த காலும் கையும் பெலனும் வெட்கப்படவேண்டிய காரியம் இல்லை. ஆனால் ஆட்டத்தைச் சாக்காக வைத்துப் புஸ்தகத்தை மூடாதீங்க. டாக்டர் ஆவ் இரண்டையும் வைத்திருந்தார் என்று சொல்லுவது சுலபம். அதற்கு எட்டு வருஷம் விலை கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லோணும். முன்னால் நிற்க இடம் கிடைக்கவில்லையே என்றும் வருத்தப்படாதீங்க. நம்ம சபையில் நாற்காலி எடுத்துப் போடுகிறவர்கள், வாசலில் செருப்பை அடுக்கிவைக்கிறவர்கள், ராத்திரி ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுக்கிறவர்கள் எல்லாரும் பின்வரிசை ஆட்டக்காரர்கள்தான். தாவீது போட்ட கட்டளைப்படி உங்களுக்கும் பங்கு சமம்.

பெற்றோரே, உங்கள் ஆசையைப் பிள்ளைகளிடம் சொல்லுங்க. சொல்லாமல் இருந்துவிடாதீங்க. போதகர் சுபோங்வாதி தன் ஆசையைச் சொல்லிப்போனதினால்தான் ஒரு மலை ஜனத்துக்கு ஒரு டாக்டர் கிடைத்தார். ஆனால் உங்கள் ஆசை நிறைவேறுவதற்குப் பிள்ளையின் கையில் இருக்கிறதைப் பிடுங்கிப் போடவேண்டியது இல்லை.

ஊழியக்காரராகிய நமக்குத்தான் கடைசி வார்த்தை. விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லுகிற பழக்கத்தை நாம் விடவேண்டும். இதை யாருக்கும் விரல் நீட்டிச் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் உபவாச ஜெபம் முடிந்த மறுநாள், பீரோவிலிருந்து அந்தப் பூட்ஸை எடுத்துத் துடைத்து, பையில் போட்டுக்கொண்டு அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். இப்போது அவன் வளர்ந்த ஆள். ஒரு சாயப்பட்டறையில் ஷிப்ட் வேலை. கையெல்லாம் சாயம். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, வாங்க பாஸ்டர் என்று மரியாதையாகக் கூப்பிட்டு உட்காரவைத்தான். நான் அன்றைக்கு உன்னிடம் ஒன்றும் விசாரிக்காமல் பேசினது தப்பு, என்னை மன்னித்துவிடு கண்ணு என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவங்க அம்மா அடுப்பங்கரையில் நின்று அழுதார்கள்.

டாக்டர் ஆவ் கதையை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். ஒரே ஒரு கேள்வி கேட்டான், அவர் எந்த இடத்தில் ஆடினார் என்று. உன்னை மாதிரிதான், பின்னால் நின்று தடுக்கிற இடம் என்றேன். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தான். பூட்ஸைக் காலில் வைத்துப் பார்த்தான். பத்தவில்லை. கால் வளர்ந்துவிட்டது. எட்டாவது படிக்கிற தம்பியைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தான். தபாலில் டிகிரி படிப்பதற்கு ஒரு விண்ணப்பமும் நான் வாங்கிப் போயிருந்தேன். அவருக்குப் பதினைந்து வருஷம் ஆச்சு, உனக்கு இன்னும் அவ்வளவு ஆகலை, உங்க அப்பா சொல்லிப்போன வார்த்தை இன்னும் உன்கிட்டத்தான் இருக்குது என்று சொன்னேன். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஆராதனைக்கு வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தேவனுடைய பிள்ளைகளே, அந்தத் தம்பிக்காக ஜெபியுங்கள். நம்ம சபையை விட்டுப்போன வாலிபர் ஒவ்வொருவருக்காகவும் பேர் சொல்லி ஜெபியுங்கள். ஜெபித்ததோடு நின்றுவிடாமல், நாம் யாரிடமாவது திருப்பிக் கொடுக்கவேண்டியது ஏதாவது நம்ம வீட்டு பீரோவில் இருக்கிறதா என்று இந்த மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.